முதல்ல நீங்க போங்க, மாப்பிள்ளை!

மெத்தைக்கடைக்காரர் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி கடைத்தெருவில் பரவியபோது, எதிர்ச் சாரியில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊரையே படுக்க வைக்கிற ஆளு, ஓடப் போறாராம்!"

அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. நம் மெத்தைக்கடைக்காரருக்குத் தொழிலே படுத்துக் காட்டுவதுதான். ஸ்பிரிங் மெத்தை, ரப்பர் மெத்தை, பஞ்சு மெத்தை என்று வாடிக்கையாளர் எதைக் கைகாட்டினாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுப்பார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரள்வார். "பாருங்க சார், ஒரு சொட்டு சிந்துச்சா?" என்பார். இப்படியே படுத்துப் படுத்து இடுப்பு பெருத்து, சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்ய ஆரம்பித்த பிறகுதான் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், "இனிமே கொஞ்சம் எழுந்து ஓடுங்க."

ஓடினார். ஆச்சரியம் என்னவென்றால், அது அவருக்குப் பிடித்தும் போயிற்று. பிடிக்காமல் போனது ஒரே ஒரு விஷயம்தான். மாமனார்.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆயுசு பூரா உட்கார்ந்தே சம்பாதிச்சாச்சு, இனி உட்கார மாட்டேன்" என்று சபதம் எடுத்தவர் போல நின்றுகொண்டே பேப்பர் படிப்பார், நின்றுகொண்டே டீ குடிப்பார். குச்சி போல உடம்பு. மாப்பிள்ளையின் மேல் அவருக்கு உயிர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. வீட்டு வாசலோ, லிப்டோ, எந்த நிலைப்படியாக இருந்தாலும் ஒதுங்கி நின்று, கையை நீட்டி, "முதல்ல நீங்க போங்க, மாப்பிள்ளை" என்பார். ஒருமுறை பல்வலியில் துடித்துக்கொண்டிருந்தபோதுகூட பல் டாக்டர் அறை வாசலில் அதையேதான் சொன்னார். மெத்தைக்கடைக்காரர் முன்னால் நுழைய, டாக்டர் அவரைப் பிடித்து நாற்காலியில் சாய்த்து, நல்ல பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

முதல் பந்தயத்துக்கு மாமனார் வந்ததே பையைப் பிடித்துக்கொள்ளத்தான். ஓடுவதற்குப் பேர் கொடுத்திருந்தது மெத்தைக்கடைக்காரரும் அவர் மனைவியும். அன்று பார்த்து மனைவிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

"நம்பர் வீணாப் போகுதே. அதை நான் சட்டையில குத்திக்கறேன். மாப்பிள்ளைக்குத் துணைக்கு ஆச்சு" என்றார் மாமனார்.

துணைக்கு வந்தவர் துணையாகவா ஓடினார்? முழுக்கைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் சொருகியபடி, பாதி தூரத்தில் மாப்பிள்ளையைத் தாண்டினார். தாண்டும்போது, "மெதுவா வாங்க. நான் முன்னால போய்ப் பார்க்கறேன்" என்று ஒரு வார்த்தை வேறு.

முடிவுக் கோட்டில் எடுத்த போட்டோ வந்தது. முன்னால் மாமனார், கலையாத தலையோடு, யாருக்கோ கைகாட்டியபடி. பின்னால் மெத்தைக்கடைக்காரர். கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கு ஒரு பக்கமாக வெளியே எட்டிப் பார்த்தது. இதைப் பார்த்து மனைவி உருகிப்போனாள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, கடையில் கல்லாவுக்கு நேர் மேலே மாட்டிவிட்டாள்.

"அப்பாவைப் பாருங்க, ராஜா மாதிரி!"

"அதெல்லாம் சரிம்மா. பின்னால இருக்கறது யாரு? மெத்தை வாங்க வர்றவங்க, இவருக்குத் தூக்கமே இல்ல போலிருக்குன்னு திரும்பிப் போயிடுவாங்க."

"அப்படின்னா ஒரு தடவை அப்பாவை முந்துங்க. நீங்க முன்னால இருக்கற போட்டோ வந்த அன்னிக்கே இதைக் கழட்டிடறேன்."

கல்லாவில் உட்காருகிறவள் அவள். அவள் வைத்ததுதான் சட்டம். வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு, "முன்னால ஓடறவர்தான் முதலாளியா?" என்று கேட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரரோ தன் கடைக்கு வருகிறவர்களிடம், "அந்தப் படத்துல பின்னால இருக்கறவரோட நாக்கு தெரியுதா? தெரியலைன்னா பவர் ஏத்தணும்" என்று சோதனை செய்ய ஆரம்பித்துவிட்டார். மெத்தைக்கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் படம் இறங்கியே ஆக வேண்டும்!

அடுத்த பந்தயம் பாலத்தின் மேல் பத்து கிலோமீட்டர். விசில் அடித்ததும் நாய் துரத்தினாற்போலப் பாய்ந்தார். மாமனாரைக் கண்ணிலேயே காணோம். ஆஹா என்று தண்ணீர்ப் பந்தலில் ஓடிக்கொண்டே டம்ளரை வாங்கி வாயில் கவிழ்த்தார். அது மூக்குக்குள் போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கை ஆதரவாகத் தட்டியது.

"நிதானமாக் குடிங்க, மாப்பிள்ளை. நான் முன்னால போய்ப் பார்க்கறேன்."

அதற்கடுத்தது வண்ணப்பொடி ஓட்டம். வழி நெடுக ஆட்கள் நின்றுகொண்டு ஓடுகிறவர்கள்மேல் கலர் கலராகப் பொடியை வாரி இறைப்பார்கள். கடைசித் திருப்பத்தில், முழுக்கைச் சட்டையைச் சொருகிக்கொண்டு, தலை முதல் கால் வரை பச்சையாக ஒரு குச்சி உடம்பு ஓடிக்கொண்டிருந்தது. மெத்தைக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடித்தார். தாண்டினார். தாண்டிய மயக்கத்தில் திரும்பி, இரண்டு கையாலும் டாட்டா காட்டி, "மெதுவா வாங்க மாமா! நான் முன்னால போய்ப் பார்க்கறேன்!" என்று கத்தினார்.

"யாருய்யா உனக்கு மாமா?" என்றது அந்தப் பச்சை.

நிஜ மாமனார் ஊதா நிறத்தில், முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று வீடு திரும்பி, இரண்டு வண்ணச் சிலைகளாக லிப்டுக்கு முன்னால் நின்றார்கள். கதவு திறந்தது. ஊதாக் கை ஒன்று நீண்டது.

"முதல்ல நீங்க போங்க, மாப்பிள்ளை."

மெத்தைக்கடைக்காரர் ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மண்டைக்குள் விளக்கு எரிந்தது. ரோட்டில்தானே இந்த மனிதரை முந்த முடியவில்லை? வாசலில் என்றைக்காவது இவர் தன்னை முந்தியிருக்கிறாரா? கிடையாது! ஆக, வேண்டியது ஒன்றே ஒன்று. வழியெல்லாம் வாசலாக இருக்கும் ஒரு பந்தயம்!

"என்னங்க, லிப்டுல நின்னுக்கிட்டு தனியா சிரிக்கறீங்க?" என்றாள், லிப்ட் மேலே போய்த் திறந்தபோது வாசலில் காத்திருந்த மனைவி.

தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்? தடை தாண்டும் ஓட்டம் என்று ஒன்று இருந்தது. குழாய்க்குள் தவழ வேண்டும், வலைக்கு அடியில் ஊர வேண்டும், சேற்றுக் குழியைப் பலகை மேல் கடக்க வேண்டும், சுவர் ஏற வேண்டும். விளம்பரப் படத்தை மெத்தைக்கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். ஒவ்வொன்றும் ஒரு ஆள் மட்டும் நுழைகிற இடுக்கு! உடனே தனக்கும் மாமனாருக்கும் பேர் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியதும் மாமனார் வழக்கம்போல அம்பாகப் பறந்தார். மெத்தைக்கடைக்காரர் கவலையே படவில்லை. விசிலடித்துக்கொண்டு ஆடி அசைந்து போனார். முதல் தடை சிமெண்ட் குழாய். போய்ப் பார்த்தால், குழாயின் வாய்க்குப் பக்கத்தில் மாமனார் ஒதுங்கி நிற்கிறார்.

"முதல்ல நீங்க போங்க, மாப்பிள்ளை."

குழாய்க்குள் தவழ்ந்துகொண்டே மெத்தைக்கடைக்காரர் சிரித்த சிரிப்பு அந்தப் பக்கம் வரைக்கும் எதிரொலித்தது. வெளியே வந்து ஓடினார். கொஞ்ச தூரத்தில் மாமனார் தாண்டினார். தாண்டட்டுமே! அடுத்த தடையில் வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சேற்றுக் குழியில் பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஓடுவது, நிற்பது, கையை நீட்டுவது, பிறகு ஓடுவது. பின்னால் வந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

"பெரியவரே, ஒண்ணு போங்க, இல்ல வழி விடுங்க!"

"இருப்பா. மாப்பிள்ளை போயிடட்டும்."

சேறு பூசிய ஒரு பெண் தோழியிடம் சொன்னாள். "எங்க வீட்டுலயும் ஒரு மாமனார் இருக்காரே! இவரைப் பார்த்தா கடன் வாங்கிட்டுப் போகலாம் போலிருக்கு."

சரிவு ஒன்று வந்தது. எண்ணெய் தடவிய சறுக்குப் பலகை. கயிற்றைப் பிடித்து மேலே ஏற வேண்டும். மெத்தைக்கடைக்காரர் ஏறினார், வழுக்கினார், மாமனாரின் காலடியிலேயே வந்து விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். ஒவ்வொரு தடவையும் மாமனார் கையை நீட்டி, "போங்க, மாப்பிள்ளை" என்றார். பின்னால் வரிசை குழாய் வரைக்கும் நீண்டுவிட்டது. கடைசியில் பொறுக்க மாட்டாத நாலு பேர், "மாப்பிள்ளை போங்க, மாப்பிள்ளை போங்க" என்று கோஷம் போட்டுக்கொண்டே அவரைப் பின்புறமாகத் தள்ளி, மூட்டையை லாரியில் ஏற்றுகிற மாதிரி மேலே ஏற்றிவிட்டார்கள்.

கடைசித் தடை டயர் குவியலுக்கு நடுவில் ஒரு ஓட்டை. அதிலும் முதலில் வெளியே வந்தவர் மெத்தைக்கடைக்காரர்தான். எதிரே வெட்டவெளி. அதற்கு அப்பால், முடிவுக் கோட்டின் மேல், காற்று அடைத்த பெரிய மஞ்சள் வளைவு. அதன் அந்தப் பக்கம் போட்டோக்காரர். அவருக்குப் பக்கத்தில் மனைவி. ஓடினார், ஓடினார், அப்படி ஓடினார்! படம் இறங்கப் போகிறது! கண்ணாடிக்கடைக்காரர் வேறு நாக்கைத் தேட வேண்டியதுதான்!

பின்னால் சளக் சளக் என்று ஈர ஷூவின் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்தில் கேட்டது. பிறகு முன்னால் கேட்டது.

"முன்னால போய்ப் பார்க்கறேன், மாப்பிள்ளை!"

காற்று பிடுங்கிய பலூன் மாதிரி ஆகிவிட்டார் மெத்தைக்கடைக்காரர். இவ்வளவு பெரிய வளைவு, லாரியே நுழையலாம். இதைப் போய் யார் வாசல் என்று நினைப்பார்கள்?

ஆனால் அந்தச் சமயத்தில்தான் முன்னால் முடித்த யாரோ ஒரு சேற்று மனிதர், வளைவுக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்த மெஷினின் ஒயரில் கால் தடுக்கி விழுந்தார். மெஷின் நின்றது. மஞ்சள் வளைவு ஒரு பெருமூச்சு விட்டது. தொப்பை சரிந்தது. இரண்டு பக்கமும் மடங்கி மடங்கி, ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது.

மாமனார் சடாரென்று பிரேக் போட்டார். ஒதுங்கினார். தொங்கிய துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டினார்.

"வாங்க, மாப்பிள்ளை. முதல்ல நீங்க."

போட்டோக்காரர் காமிராவைத் தூக்கினார். ஒரே ஒரு எட்டுதான். மெத்தைக்கடைக்காரர் மாமனாரைப் பார்த்தார். முகமெல்லாம் சேறு. அதற்குள் அந்தக் கண்களில் துளி கபடம் இல்லை. மற்ற வாசல்களில் இந்த மனிதரை ஏமாற்றியாகிவிட்டது, சரி. இங்கேயுமா? தூக்கிய காலை அவர் கீழே வைத்துவிட்டார்.

"இல்ல மாமா. நீங்கதான் முன்னால வந்தீங்க. நீங்க போங்க."

"அதெப்படி! வாசல்ல மாப்பிள்ளைதான் முன்னால."

"ரோட்டுல மட்டும் என்னை முந்தறீங்களே!"

மாமனார் திகைத்துப்போனார். "முந்தறேனா? ரோட்டுல பள்ளம் மேடு இருக்கும், டிரைவர்தானே முன்னால போய்ப் பார்க்கணும்? நான் வர்றதே உங்களுக்குத் துணைக்குத்தான். இதுல போட்டி எங்கேருந்து வந்துச்சு?"

மெத்தைக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை நாள் தான் மட்டும் தனியாகவா பந்தயம் ஓடிக்கொண்டிருந்தார்? அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. அதைப் பார்த்து மாமனாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"நீங்க போங்க மாமா!"

"நீங்க போங்க மாப்பிள்ளை!"

"யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்களேன்!" என்று அந்தப் பக்கமிருந்து அலறினாள் மனைவி.

இதற்குள் சறுக்குப் பலகையில் தேங்கி நின்ற கூட்டம் மொத்தமும், அணை திறந்த மாதிரி, டயர் ஓட்டையிலிருந்து வெளியேறி வந்து சேர்ந்தது. நிறுத்தத்தான் பார்த்தார்கள். சேற்று ஷூ நிற்குமா? முன்னால் வந்தவர் இடிக்க, மாப்பிள்ளையும் மாமனாரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே சரிந்தார்கள். துணியைத் தூக்கிப் பிடிக்க இனி யார்? மஞ்சள் வளைவு தன் முழு உடம்பையும் தொப்பென்று அவர்கள்மேல் போட்டது.

கிளிக்!

மறுவாரம் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, பழைய படத்தைக் கழற்றினாள். புதுப் படத்தை மாட்டினாள். புஸுபுஸுவென்று மடிந்து கிடக்கும் பெரிய மஞ்சள் மெத்தை ஒன்று. அதற்கு அடியிலிருந்து சேறு அப்பிய நாலு ஷூக்கள் மட்டும், உலகத்தையே மறந்து தூங்குகிறவர்களின் காலைப் போல, வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"நான் முன்னால இருக்கற போட்டோ வந்தாதானே கழட்டுவேன்னு சொன்னே?" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

"கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? நாக்கும் தெரியல!"

கண்ணாடிக்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்து, தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இதுல முன்னால இருக்கறது யாரு?"

"மாமாதான்" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

அப்போதுதான் கடை வாசலுக்கு வந்த மாமனார் காதில் அது விழுந்தது. "சேச்சே! அந்தக் கால் மாப்பிள்ளையோடது. அகலத்தைப் பாருங்களேன்!"

"இல்ல மாமா, அது உங்க கால்."

"என் காலு எனக்குத் தெரியாதா?"

"முதல்ல உள்ள வாங்க மாமா, பேசிக்கலாம்."

"நீங்க முதல்ல போங்க, மாப்பிள்ளை."

"இது என் கடை! நீங்க வாங்க."

"உங்க கடைங்கறதாலதான் சொல்றேன், நீங்க போங்க."

நிலைப்படியின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் நீண்டிருந்தன. அவர்களுக்குப் பின்னால், மெத்தை வாங்க வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றது. கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி ஒரு தலையணையை எடுத்துக் குறி பார்த்தாள்.