வரிசையில் நிற்கும் ஆல்பர்ட்

கொக்கந்தாங்கல் ஏரியில் சொகுசுக் கப்பல் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் உத்திரமேரூர் சந்தையில் தக்காளி மலிவு, சின்ன வெங்காயம்தான் கிட்டே நெருங்க முடியாத விலை. கப்பல் பதினோரு மாடி. முகப்பு உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலைப் பார்த்தபடியும் பின்பக்கம் மதகைப் பார்த்தபடியும் நின்றது, நடுவில் இருந்த கருவேல மரங்களில் ஒரு கொக்குகூட இடம் மாறவில்லை. பாலாற்றில் அள்ளுவதற்கு மணல்கூட மிச்சமில்லை, செய்யாற்றில் ஆடுகள் கால் நனையாமல் குறுக்கே போகின்றன, இதில் கப்பல் எந்த வழியாக வந்திருக்கும் என்று ஜனங்கள் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் பேச்சு மாறிவிட்டது. கப்பலேறச் சென்னையிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் கார்கள் வர ஆரம்பித்திருந்தன, அவற்றை எங்கே நிறுத்துவது என்பதே இப்போது கேள்வி.

ஊர்ப்பக்கம் இடமில்லாமல் இல்லை. களத்துமேடு இருந்தது, கோயில் மானியம் இருந்தது, அறுத்துப் போட்ட வயல்கள் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் பார்க்கிங் ஒப்பந்தம் எடுத்த தமிழ்வாணனுக்குக் காலனிக்குத் தெற்கே இருந்த இடுகாடுதான் கண்ணில் பட்டது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காலனிக்காரர்களுக்கு உயிரோடு இருக்கும் வரை சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, செத்த பிறகு கிடைக்கிற ஆறடிதான் அவர்களுடைய மொத்தச் சொத்து. வேதக்காரர்களும் இந்துக்களும் அங்கே பேதமில்லாமல் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தார்கள். சிமெண்டுக் கல்லறை கட்ட வசதியில்லாததால் எல்லாம் மண்மேடுதான், மேலே நாய் பறிக்காமலிருக்க ஒரு முள்கிளை, தலைமாட்டில் ஒரு கல். தமிழ்வாணன் காலனிக்கு வந்து, வீட்டுக்கு ஒருவருக்குப் பார்க்கிங்கில் வேலை என்றான், கப்பல் கிளம்பும்போது காலனி ஜனத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவார்கள் என்றான், மறுநாள் ஜேசிபி வரும் என்றான்.

இந்த இடத்தில்தான் காலனி ஜனங்கள், தங்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யாத தப்பைச் செய்தார்கள். வேறு ஊராக இருந்தால் ஜேசிபிக்குக் குறுக்கே படுத்திருப்பார்கள், நாலு பேர் செல்போனில் படமெடுத்திருப்பார்கள், கலெக்டர் ஆபீசுக்கு ஒரு வேன் போயிருக்கும். இவர்களோ, கண்ட இயந்திரத்தின் பல் நம் ஜனத்தின் மேல் படக்கூடாது என்பதை மட்டுமே நினைத்தார்கள். "எங்க மேட்ட நாங்களே சமம் பண்ணிக்கிறோம் நைனா, மிஷின் வோணாம்" என்றார்கள். மறுநாள் காலை பெண்கள் மண்வெட்டியோடு வந்து, அவரவர் வீட்டு மேட்டை அவரவர் கையாலேயே நிரவினார்கள், முனகாமல், மண் அதிராமல். ஆல்பர்ட்டின் மனைவி சுகிர்தாவுக்கு நிரவ வேண்டியிருந்தது ஒரு சின்ன மேடு. அவள் மகள் ஏஞ்சல் ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். சுகிர்தா மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல விரல்களாலேயே அந்த மண்ணைக் கலைத்துப் பரப்பினாள். சாயங்காலத்துக்குள் அங்கே இடுகாடு இருந்த அடையாளமே இல்லாமல் போயிற்று. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்கள்.

ஆல்பர்ட்டுக்குப் பளபளக்கும் பச்சைச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். மேடு போனாலும் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. கனமான வண்டிகளை ஓரத்தில் நிறுத்தினான், பிரசவத்தில் போனவர்கள் இருந்த பக்கம் இரண்டு சக்கர வண்டிகளை மட்டும் விட்டான். ஏஞ்சலின் இடத்தில் ஒரு செங்கல்லும் அதன் மேல் ஒரு சிவப்புக் கூம்பும் வைத்து, யாரையும் அண்டவிடவில்லை. மைதானம் முழுக்கக் கார் நிரம்பி, நடுவே அந்த ஒரு கார் அளவு இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் தமிழ்வாணனுக்கு வயிறு எரியும். ஆல்பர்ட் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் சுகிர்தாவிடம் ஒன்றையே சொல்வான்: "எனுக்கு எதுனா ஆச்சின்னா புள்ள பக்கத்துல வெச்சிடுமே. வேற எங்கியும் வோணாம்." அவளும் சரி என்றிருந்தாள். கேட்டு வாங்கிக்கொள்ள அவனுக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை.

கப்பலுக்கு வந்தவர்கள் ஏரிக்கரையில் போட்டிருந்த பந்தலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏறுவதற்குக் கொஞ்சம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னாள். முதலில் பெட்டிகளைச் சோதிக்க வேண்டும் என்றாள், பிறகு தண்ணீர் மட்டம் போதாது என்றாள், பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டுத் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தலைப் பெருக்கும் வேலை சுகிர்தாவுக்குக் கிடைத்திருந்தது. உள்ளே நேரம் நகரவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவள் அவள்தான். வெளியே நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, சம்பா அறுத்து, மறுபடி நாற்று விட்டுவிட்டார்கள். பந்தலுக்குள் முன்வரிசை அம்மாள் பிரித்த இட்லிப் பொட்டலத்தில் இன்னும் ஆவி பறந்தது, அதே கைக்குழந்தை அதே கொட்டாவியை விட்டு முடிக்காமல் இருந்தது. "காலைலேர்ந்து உட்கார வச்சிருக்காங்க, என்ன நிர்வாகமோ" என்று அவர்கள் சலித்துக்கொண்டார்கள். சுகிர்தாவின் தலையில் பாதி நரைத்துவிட்டிருந்தது. பணம் இருக்கிறவர்களுக்குத் தாமதம்கூட ஒரு காலைப்பொழுதோடு போய்விடுகிறது, அதற்கான வருஷங்களை வேறு யாரோ கழித்துக் கொடுக்கிறார்கள்.

மாசி மாதத்து ஒரு மத்தியானம் ஆல்பர்ட், "ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, வா வா" என்று ஒரு வண்டியைக் கூப்பிட்டபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். உத்திரமேரூர் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு சுகிர்தா திரும்பி வந்தபோது, ஏஞ்சலின் இடத்தில் ஒரு புது வெள்ளைக் கார் நின்றிருந்தது. சிவப்புக் கூம்பு ஓரமாகக் கிடந்தது. ஆள் விழுந்த அரைமணி நேரத்துக்குள் தமிழ்வாணன் காரியத்தை முடித்துவிட்டான், போகவர விட்டிருந்த நடைவழியிலும் வண்டிகளை அடைத்துவிட்டான். குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தவர்கள், காருக்கும் காருக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்ப இடமில்லாமல் நின்றார்கள்.

சுகிர்தா பந்தலுக்குப் போனாள். வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரர் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார், பார்த்தால் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "அடடா, ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா இப்ப வரிசையை விட்டு வந்தா எடம் போயிடும். போர்டிங் முடிஞ்சதும் கண்டிப்பா எடுத்துடறோம்" என்றார்.

"சாவிய குடு சார், நாங்க ஓரமா தள்ளி வுட்டுக்கிறோம்."

"புது வண்டிம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி, அவள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார். அவள் நடவு முடிந்து மறுபடி போய்க் கேட்டாள், களை பறித்துவிட்டுப் போய்க் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் ஆச்சரியப்பட்டார். "இப்பதானேம்மா கேட்டீங்க? கொஞ்சம் பொறுங்க." அவரைத் திட்டவும் அவளுக்கு வழியில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மண்ணை வாரியாவது தூற்றியிருக்கலாம்.

புகார் கொடுத்ததில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். "இடுகாடுன்னா மேடு இருக்கணுமே. எங்கம்மா மேடு?" என்றார். நாங்களே நிரவிவிட்டோம் என்று பெண்கள் சொன்னதும், அவருக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாகப் போயிற்று. சுகிர்தா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளுக்கு யார் மேலும் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. டவுன் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகலாம் என்று உபதேசியார் பெஞ்சமின் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "புள்ள பக்கத்துலன்னு சொல்லிகீறேன். நான் பேச்சு மாற மாட்டேன்" என்று அவள் முடித்துவிட்டாள்.

ஆல்பர்ட் வீட்டுக்குள் பாயில் கிடந்தான். ஐஸ் பெட்டி எடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. உடம்பு கெடவில்லை, ஈ வரவில்லை, தாடி வளரவில்லை, நெற்றியில் மத்தியான வேர்வை காயாமல் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி இதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணனும் லைன்லதான் கீறாரு சுகிர்தாக்கா. அதான் அவுருக்கும் நேரம் போவல." காலனி அதை ஒப்புக்கொண்டது. சுகிர்தா அவனைச் சுற்றிக்கொண்டு அடுப்பு மூட்டினாள், பெருக்கினாள், படுத்தாள். இரண்டு மழைக்காலம் ஒழுகிய கூரைக்குக் கீழே அவனை மட்டும் நகர்த்தி நகர்த்திக் கிடத்தினாள்.

ஒரு காலை கப்பல் ஊதியது. வாலாஜாபாத் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். பந்தலில் இருந்தவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், இட்லி அப்படியே கிடந்தது, கைக்குழந்தை கொட்டாவியை முடித்துவிட்டு அழுதது. காலனி ஜனங்களும் ஒரு சுற்று போகலாமென்று நல்ல துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிடவுமில்லை. வெள்ளைக் கார்க்காரர் ஓடுகிற ஓட்டத்தில் சுகிர்தாவைப் பார்த்துவிட்டார். எதற்கோ அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது மட்டும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், எதற்கென்று வரவில்லை. சாவியை அவள் கையில் திணித்து, "காரைப் பார்த்துக்கங்கம்மா. நாலு நாள்ல வந்துடுவோம்" என்றார். ஏணி தூக்கப்பட்டது. கப்பல் போனது, போகும்போது ஏரித் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போனது. மத்தியானத்துக்குள் தரை தெரிந்தது, மீன்கள் சேற்றில் துடித்தன. அந்த வருஷ நடவு அதோடு முடிந்தது, காலனிக்கு வேலையும் முடிந்தது.

நாலு நாள் போயிற்று, நாலு மாதமும் போயிற்று. யாரும் வரவில்லை. பந்தல் காலியாகியும் ஆல்பர்ட்டின் நெற்றி வேர்வை காயவில்லை, அவனுடைய லைன் இன்னும் நகரவில்லை. சாவி கையில் இருந்தும் காரை எடுக்க வழியில்லை, நாலு பக்கமும் வண்டி, பேட்டரியும் செத்துவிட்டது. சுகிர்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் காலனிப் பெண்களிடம், "மம்முட்டியும் கூடையும் எத்துக்கினு வாங்க" என்றாள். ஆண்கள் ஆல்பர்ட்டைத் தலைக்கு மேல் தூக்கி, கார்களின் கூரை மேலேயே கை மாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் இருக்கையில் அவனை உட்கார வைத்தாள். பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டாள், விசிலை மாட்டிவிட்டாள், பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பக்கத்து இருக்கையின் கதவை மட்டும் கொஞ்சம் திறந்தே வைத்தாள். உபதேசியார் ஜெபித்தார். அதன் பிறகு, முன்பு மேடுகளை நிரவிய அதே பெண்கள் ஏரி வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து அந்தக் கார் மேல் கொட்டினார்கள். சாயங்காலம் அங்கே ஒரு மேடு நின்றது. அதிகாரிக்கு ஜீப்பை விட்டு இறங்காமலே தெரியும்.

தமிழ்வாணன் குதித்துக்கொண்டு வந்தான். "யார கேட்டுமே கஸ்டமர் வண்டி மேல மண்ணு போட்ட? எட்றீ மண்ண!"

சுகிர்தா மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, நல்ல மரியாதையாகவே சொன்னாள்: "எடுத்துடறோம் நைனா. அவுரு லைன்ல கீறாரு. போர்டிங் முடிஞ்சதும் கண்டிப்பா எடுத்துடறோம்."

அவன் மேட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். காலனியில் பிறகு செத்தவர்களுக்கும் அவரவர் இடத்தில் நின்ற கார்களே ஆயின. முனியனுக்கு ஒரு நீளமான கறுப்பு வண்டி வாய்த்தது, வள்ளியம்மாவை அவள் ஆசைப்பட்டபடி ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள்.

ஆல்பர்ட்டை வைத்த மூன்றாம் நாள் ஜெபத்துக்குச் சுகிர்தாவும் செவ்வந்தியும் பூவோடு போயிருந்தார்கள். மேட்டுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விசில் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கார்க் கதவு ஒன்று அழுத்திச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"புள்ள ஏறிக்கிச்சி" என்றாள் சுகிர்தா.

செவ்வந்தி தலையாட்டினாள். இரண்டு பேரும் மேட்டின் மேல் முள்கிளையைச் சரியாக வைத்துவிட்டு, ரேஷன் கடைக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தார்கள். போர்டிங் முடிந்துவிட்டதைத் தமிழ்வாணனிடம் அவர்கள் சொல்லவில்லை. காலனியில் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.