எஞ்சிய பூட்டு

மின்விசைப் பலகையின் கைப்பிடியில் ஒரே ஒரு பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அங்கே பூட்டுகள் கொத்தாகக் காய்த்திருந்தன. காகித ஆலையின் பெரிய கூழ்த்தொட்டிக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் தத்தம் பூட்டை அக்கைப்பிடியில் மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஏறி வந்தபின் தம் பூட்டைத் தாமே கழற்ற வேண்டும். ஒரு பூட்டு எஞ்சினாலும் தொட்டியின் அடியிலுள்ள சுழல்கத்திக்கு மின்சாரம் போகாது. பிற்பகல் முழுவதும் மற்றப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழல, இது மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. அதன் வளையத்தில் மஞ்சள் நிறக் கம்பித்துண்டு ஒன்று சுற்றியிருந்தது. யாருடையது என்று கேட்கத் தேவையே இல்லை. அவளுடைய தம்பியுடையது.

ஆலையில் எந்த இயந்திரத்தை எந்த நாளில் நிறுத்துவது, யார் அதைப் பிரிப்பது, எத்தனை மணிக்குள் திரும்பப் பூட்டி ஓட்டுவது என்று வகுப்பது அவள் வேலை. அதனால் அவளுக்கு ‘அட்டவணையம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பியோ பழுது பார்க்கும் பிரிவில் பிட்டர். அவள் சொல்லித்தான் அவனுக்கு அவ்வேலை கிடைத்தது. ஆகையால் ஆலை முழுவதும் அவனை ‘அட்டவணையம்மா தம்பி’ என்றே அழைத்தது. அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“என்னம்மா, இன்னும் அந்தப் பூட்டையே பாத்துட்டு நிக்கிறீங்க? அதுவா வாயத் தொறந்து பேசப்போவுது?” என்று கேட்டுக்கொண்டே உற்பத்தித் தலைவர் வந்தார். எதிலும் பறப்பவர் என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர். “நாலு மணிக்கு ஓட்டித் தர்றேன்னு சொன்னது நீங்க. மணி என்ன ஆச்சுன்னு பாருங்க.”

“ஆளு வரட்டும் சார்.”

“ஆளு எங்க வரப்போறான்? காலையில எல்லார் முன்னாடியும் நீங்க குடுத்த டோஸுல மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிருப்பான். பின்வாசல் வழியா நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் போனான்னு காவலாளியே சொல்றாரு.”

நீலச் சட்டை இல்லாதவர் அந்த ஆலையில் யார்? உடையவர் அகப்படாத பூட்டை வெட்டுவதற்கும் வழி உண்டு. உற்பத்தித் தலைவர், பிட்டர்களின் மேற்பார்வையாளர், அட்டவணைப் பொறுப்பாளர் ஆகிய மூவரும் நேரில் நின்று, ‘ஆள் உள்ளே இல்லை’ என்று வாயால் சொல்ல வேண்டும். இருவர் சொல்லிவிட்டனர். மேற்பார்வையாளர் பூட்டை வெட்டும் நீண்ட இரும்புக் கத்தரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றார்.

“தொட்டிக்குள்ள நானே டார்ச் அடிச்சுப் பாத்துட்டேம்மா,” என்றார் அவர். “ஒரு ஈ காக்கா இல்ல. பெல்ட்டுக்கு அடியில பாத்தாச்சு, மேல்தளத்துல பாத்தாச்சு, கத்தி தீட்டுற பட்டறையில பாத்தாச்சு. உங்க அட்டவணைய கையில வச்சுக்கிட்டு வரிக்கு வரி தேடிட்டோம்.”

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பலகைக்கும் தொட்டியின் ஏணிக்கும் இடையே குட்டி போட்ட பூனையைப் போல் நடந்தாள். ஏணியின் மேற்படியில் ஏறி ஒருமுறை தானும் எட்டிப் பார்த்தாள். கழுவிவிட்ட தொட்டியின் அடியில், புதிதாகத் தீட்டிய சுழல்கத்தி ஈரத்தோடு பளபளத்தது. அவ்வேலை அவன் செய்ததுதான். நண்பகலுக்கு முன்பே முடித்துவிட்டான். உடன் வேலை செய்த வெல்டர் தம் பூட்டைக் கழற்றிக்கொண்டு சாப்பிடப் போனபோது, “நீங்க போங்கண்ணே, வந்துர்றேன்” என்றானாம். அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை.

ஏணியிலிருந்து இறங்கித் தம்பியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

“இங்க வரலியே அண்ணி,” என்றாள் தம்பியின் மனைவி. “காலையில உங்க வண்டியிலதானே போனாரு? ஏன், மறுபடியும் ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வந்தான்னா எனக்கு ஒரு போன் போடச் சொல்லு.”

“உங்க தம்பிக்குக் கோவம் வந்தா நேரா சோத்துப் பானைகிட்டதான் அண்ணி வருவாரு. வேற எங்கயும் போகத் தெரியாது அவருக்கு,” என்று சிரித்தாள் அவள்.

அவள் பேச்சை முடித்துக்கொண்டாள். காலைக் கூட்டம் கண்முன் வந்து நின்றது. அன்றைய வேலைகளை அவள் பங்கிட்டுக் கொடுத்து முடித்ததும் தம்பி கையைத் தூக்கினான். தொட்டிக்குப் பின்புறமுள்ள வடிகுழியின் வால்வு ஒழுகுகிறது. தொட்டி நின்றிருக்கும் போதுதான் அதைத் தொட முடியும். ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும் என்றான். அவன் கேட்டதில் தவறில்லை. ஆனால் ஒரு மணி என்று புகுந்த வேலை அரை நாளை விழுங்கிய கதைகள் அவளிடம் ஏராளமாக இருந்தன. அது அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறது, அட்டவணையில் இல்லாத வேலையைத் தொடாதே என்றாள். “அது வரைக்கும் தாங்காதுக்கா” என்று அவன் வாய்தவறி அக்கா என்றுவிட, சுற்றிலும் இருந்தவர்கள் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடலாகாதே என்னும் பதைப்பில் அவள் சொன்னாள்: “அக்கா எல்லாம் வீட்டுல. இங்க அட்டவணைதான் உனக்கு அக்கா.” கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அவன் மட்டும் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, முடிவச் சொல்லுங்க,” என்றார் உற்பத்தித் தலைவர். “தம்பிங்கிறதால இழுக்கிறீங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். வேற எவன் பூட்டா இருந்தாலும் இந்நேரம் வெட்டச் சொல்லியிருப்பீங்களா, இல்லியா?”

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. சொல்லியிருப்பாள். அதுதான் உண்மை. தாமதம் என்னும் சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசுகிறவள் அவள். சரி என்னும் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை என்று அவன் கைபேசி எண்ணை அழுத்தினாள். கைபேசியில் பதிவுசெய்த பெண்குரல், பிற்பகலிலிருந்து பாடிய அதே பல்லவியை மறுபடியும் பாடியது.

“இன்னும் அணைச்சுத்தான் வச்சிருக்கானா?” என்றார் மேற்பார்வையாளர்.

“இல்ல,” என்றாள் அவள். பிறகுதான், தான் சொன்னது தனக்கே உறைத்தது. பிற்பகலிலிருந்து எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். பதற்றத்தில் அதைக் காதில் வாங்கவில்லை. கோபித்துக்கொண்டு போனவனின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இதுவோ, தொடர்பு எல்லைக்கு அப்பால் என்கிறது. ஊருக்குள் எங்கே போனாலும் மணி அடிக்கிற கைபேசி, எட்டாமற்போக வேண்டுமானால் மண்ணுக்கடியில்…

வரிக்கு வரி தேடிட்டோம் என்றாரே. வரியில் இருந்த இடங்களில் எல்லாம் தேடினார்கள். வரியில் இல்லாத இடம் ஒன்று உண்டு. அதை வரியில் சேர்க்க மறுத்தவள் அவளே. தொட்டி ஓடத் தொடங்கினால் முதல் தண்ணீர் அந்த வடிகுழிக்குத்தான் போகும்.

அவள் கைப்பையைத் திறந்து துழாவினாள். பூட்டு மாட்டும் விதி வந்த நாளில் எல்லாருக்கும் கொடுத்ததைப் போல் அவளுக்கும் ஒரு பூட்டுக் கொடுத்திருந்தார்கள். இயந்திரத்தின் அருகே போகாதவளுக்குப் பூட்டு எதற்கு என்று உறைகூடப் பிரிக்காமல் பையின் அடியில் போட்டு வைத்திருந்தாள்; சாவி மட்டும் வீட்டுச் சாவிக்கொத்தில் கிடந்தது. உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மஞ்சள் கம்பி சுற்றிய பழைய பூட்டுக்குப் பக்கத்தில் தன் புதுப் பூட்டை மாட்டி அழுத்தினாள்.

“என்னம்மா பண்றீங்க நீங்க?” என்று பதறினார் உற்பத்தித் தலைவர்.

“இப்ப வெட்டுறதுன்னா ரெண்டு பூட்ட வெட்டணும் சார். ரெண்டாவது பூட்டுக்கு ஆளு எங்கன்னு தேட வேண்டாம், வடிகுழிகிட்ட நிப்பேன்.” மேற்பார்வையாளரின் பக்கம் திரும்பினாள். “குழிக்குள்ள கெட்ட காத்து இருக்கும். நல்ல காத்து அடிக்கிற ஊதுகுழாயும் கயிறும் ஆளும் கொண்டாங்க. ஓடுங்க!”

அவர் கத்தரியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அவளும் ஓடினாள். தொட்டியின் பின்புறம் வெளிச்சம் குறைவு. பழைய காகித மூட்டைகள் குழிக்குப் போகும் வழியைப் பாதி மறைத்திருந்தன. மூட்டைகளின் இடுக்கில் உடம்பை நுழைத்து அப்பால் வந்தாள். வடிகுழியை மூடிய இரும்புத் தகடு சற்றே விலகி, ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் வாய் திறந்திருந்தது. அதன் ஓரத்தில் தகட்டைத் தூக்கி முட்டுக்கொடுக்கும் கடப்பாறை சரிந்து விழுந்து கிடந்தது.

முழந்தாளிட்டுத் தகட்டைத் தள்ளினாள். அஃது அசையவில்லை.

“வாலு!” என்று கத்தினாள். வீட்டில் மட்டும் வழங்கும் பெயர். ஆலையில் அப்பெயரை அவள் உச்சரித்ததே இல்லை. “டேய் வாலு! அக்காடா!”

இருட்டு அவள் குரலையே திருப்பித் தந்தது. உள்ளிருந்து ஈரக் காகிதத்தின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் தொலைவில், ஊதுகுழாயைத் தரையில் இழுத்து வரும் ஓசையும், “வழி விடுங்கப்பா, மூட்டையத் தள்ளுங்கப்பா!” என்று அவசரக்காரர் தொண்டை கிழியக் கூவும் ஓசையும் கேட்டன. அவள் கையில் சாவிக்கொத்து இருந்தது. அதனால் தகட்டை ஓங்கித் தட்டினாள். காத்திருந்தாள். மீண்டும் தட்டினாள். மூன்றாம் முறை தட்டுவதற்குக் கையை ஓங்கியபோது, அவள் தட்டாத ஒரு தட்டல் அடியிலிருந்து வந்ததைப்போல் இருந்தது. இரும்பின்மேல் இரும்போ, ஒழுகும் வால்விலிருந்து சொட்டிய நீரோ, தெரியவில்லை. ஓங்கிய கை அந்தரத்திலேயே நிற்க, அவள் குனிந்து காதைக் குளிர்ந்த தகட்டோடு சேர்த்து வைத்தாள்.