சத்தமில்லாத பிக்கப்

விடிந்தும் விடியாததுமாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் குனிந்தால், முதுகில் வெயில் ஏறும்வரை நிமிர முடியாது. குலை வெட்டிய இடத்தில் சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்குவது எங்கள் பெண்களின் வேலை. கண் முழுக்க முள் மட்டையில் இருக்கும். பின்னால் குலை ஏற்ற வரும் பிக்கப் வண்டியைக் காதுதான் பார்த்துக்கொள்ளும். டீசல் உறுமல் நெருங்கினால் குனிந்தபடியே ஒதுங்கிவிடுவோம்.

டீசல் விலை ஏறியதும், குத்தகை முதலாளி செல்லன் அந்தப் பழைய பிக்கப்பைப் புஞ்சாக் ஆலாம் டவுன் பட்டறைக்குக் கொண்டுபோய், இஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்துக்கொண்டு வந்தார். மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கி, படமும் எடுத்துக்கொண்டார். டிரைவர் ரையன் அன்றைக்கே சொன்னான்.

"மொதலாளி, சத்தமே இல்ல. ரிவர்ஸ் எடுத்தா பின்னால உள்ளவங்களுக்குத் தெரியாதுலா. ஒரு அலாரம் மாட்டிக் குடுங்க."

"சத்தம் இல்லாததுதான்டா பெருமையே! அவங்களுக்குக் கண்ணு எதுக்கு இருக்கு?"

நேற்று, மழை விட்ட காலையில், குலைகளை ஏற்றப் பின்னோக்கி வந்த பிக்கப், எங்களோடு பழம் பொறுக்கிக்கொண்டிருந்த கலாவதியின் காலில் ஏறியது. அவள் அலறியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. குலை வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் நல்லசாமி ஓடிவந்து ரையனின் சட்டையைப் பிடித்தார்.

"கண்ணாடியில பாத்தேண்ணே, மட்டை மறைச்சிருச்சு" என்று ரையன் அழுதான்.

செல்லனுக்கு அது வசதியாகப் போயிற்று. "ரையன் இனிமே வரவேணாம். நாளைக்கு வேற டிரைவர் வருவான். எல்லாரும் வேலையப் பாருங்க."

ஒருத்திக்குக் கால் நசுங்கியது, ஒருத்தனுக்கு வேலை போனது. வண்டி மட்டும் அப்படியே ஓடுமாம்!

இன்று காலை, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த நல்லசாமி பிக்கப்பின் பின்னால் போய் நின்றார். வண்டிக்கு முதுகைக் காட்டி, பழம் பொறுக்குவதுபோல் குனிந்தார். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். பிறகு தனேஸ்வரி, ஷர்மினி, குலை வெட்டும் ஆண்கள் எல்லாரும். பாதையோரம் ஒதுங்கி நின்ற ரையனை நல்லசாமிதான் கூப்பிட்டார்: "வாடா தம்பி, எம்பக்கத்துல நில்லு."

"என்னய்யா கூத்து? வெட்டுன குலை கெட்டுப்போவுது!" என்று செல்லன் கத்தினார்.

"வண்டிய எடுங்க மொதலாளி. வர்றது தெரிஞ்சா ஒதுங்கிக்கிறோம்" என்றார் நல்லசாமி, குனிந்தபடியே.

"ஹார்ன் அடிக்கச் சொல்றேன், போதுமா?"

"போதாது. ரிவர்ஸ் போட்டா அலாரம் தானா அடிக்கணும். ரையன் வேலைக்கு வரணும். கலா நடக்கிற வரைக்கும் சம்பளம் குடுக்கணும்."

"முடியாதுன்னா?"

"குனிஞ்சேதான் இருப்போம்."

புது டிரைவர் தயங்கினான். செல்லனே வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். சாவியைத் திருப்பினாரா, வண்டி நகர்கிறதா, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தனேஸ்வரியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செல்லன் இறங்கிப் போனை எடுத்தார். போலீசைக் கூப்பிடுகிறாரா, பட்டறையைக் கூப்பிடுகிறாரா, தெரியாது.

நாங்கள் நிமிரவில்லை.