மஞ்சளில் படாத கால்

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். செம்பூர் மைதானத்தின் மேல் புகைமூட்டம் கலையவில்லை, காற்றும் இல்லை. அந்த நேரத்தில் சீனி என்னும் பெண் நாய் இருபுறமும் சரிந்த சாய்பலகையின் உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்கியது. பலகையின் அடிப்பகுதியில் மஞ்சள் பூசிய இடத்தில் அது ஒரு காலையாவது வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. மேலிருந்தே தாவித் தரையில் விழுந்து, எஞ்சிய தடைகளைப் பிழையின்றி முடித்தது.

அஜிலிட்டி எனப்படும் அந்தத் தடையோட்டத்தில் வளர்ப்பவரும் நாயோடு ஓடி வழிகாட்ட வேண்டும். உடன் ஓடிய ஜோஸ்பின் அந்தத் தாவலைத் தெளிவாகக் கண்டாள். நடுவர் நுஸ்ரத் அதைக் காணவில்லை. அவருடைய பார்வையை மறைத்தது ஜோஸ்பினின் உடலேதான். சீனிக்கு முதலிடம் கிடைத்தது. ஜனவரியில் ஐரோலியில் நடக்கவிருந்த இறுதிப் போட்டிக்கும் அது தேர்வாயிற்று.

மஞ்சள் விதி அழகுக்காக ஏற்பட்டதன்று. உயரத்திலிருந்து தாவிப் பழகும் நாய்க்குச் சில ஆண்டுகளில் முன்னங்கால்கள் கெட்டுவிடும்.

ஜோஸ்பின் சயானில் ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஐயம் தோன்றினால் மறுபடியும் சோதிப்பது அவள் வழக்கம். நாயிடம் அந்த வழக்கம் போதவில்லை. வாய் சொல்லும் திசையில் நாய் போவதில்லை. தோள் காட்டும் திசையில்தான் போகும். அவளுடைய எரிச்சல் அவள் குரலுக்கு முன்பே சீனியை எட்டிவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, அவள் வீட்டிலும் சற்று மெதுவாகப் பேசத் தொடங்கினாள். தாராவியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் ஏசுதாஸ்தான் சாய்பலகையைச் செய்து கொடுத்தான். முதலில் காலைப் பயிற்சிக்கு அதைத் தூக்கி வைப்பதற்காக வந்தவன், பின்னர் காரணம் எதுவும் சொல்லாமலே வந்தான். வடாலாவில் மோனோரயில் பாதையின் கீழே அந்தக் காலைப் பொழுதுகளில் மட்டும் இருவரும் ஒருவரையொருவர் திருத்தாமல் ஒரே வேலையைச் செய்தார்கள். இதற்குக் கோப்பை எதுவும் கிடையாது.

போட்டி முடிந்ததுமே அவள் நுஸ்ரத்திடம் உண்மையைச் சொன்னாள். தாம் கண்டதை மட்டுமே குறிக்க முடியும் என்று நுஸ்ரத் கைவிரித்தார். அடுத்து மாதுங்காவில் போட்டியை நடத்திய சங்கத்தின் செயலாளர் அனந்தநாராயணனைப் பார்த்தாள். ஆட்சேபம் யார் மீது என்று கேட்டார். தன் மீதுதான் என்றாள்.

"ஒங்க மேலயே நீங்க கம்ப்ளெயின்ட் குடுக்க ரூல்ஸ்ல எடமே இல்லையேம்மா. தோத்தவாதான் இதுவரைக்கும் இங்க படியேறி வந்திருக்கா."

இறுதிப் போட்டிக்குப் போகாமல் இருந்துவிடலாமே என்றும் யோசனை சொன்னார். போகாமல் இருப்பது வேறு, வெல்லாமல் இருப்பது வேறு என்றாள் ஜோஸ்பின். அவர் விதிகளைப் படித்துப் பார்ப்பதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வழி சொன்னார்: கிடைத்த முதலிடத்தைத் திரும்ப ஒப்படைக்கலாம். ஆனால் நாய் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகியிருப்பதால், அதற்கான தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஏசுதாஸ் மறுத்தான். சந்து முனையில் பையன்கள் ஏற்கெனவே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதிலிருந்த நாய் சீனி அன்று, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு நாய். ஆனால் ஏசுதாஸின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"ஜட்ஜே பாக்கல, ஒனக்கு என்னட்டி வந்துச்சு? நாய்க்கு மார்க்கு தெரியுமா?"

"எனக்குத் தெரியும்லா."

"அப்ப நீ ஒருத்தியே போயி கோர்ட்டு ஏறு."

அன்றிலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை. சாய்பலகையை அவளால் தனியே தூக்க முடியாது. அது பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. வடாலாவில் குறுக்குக் கம்புகளை மட்டும் நட்டுப் பயிற்றினாள். அவள் தோள் இறுகியிருந்தது. சீனி கம்புகளைத் தட்டிவிட்டது. ஒவ்வொரு காலையும் முந்தைய நாளைவிட மோசமாக இருந்தது. பலகை வழக்கமாக நிற்கும் இடத்தைச் சீனி முகர்ந்துவிட்டு, திரும்பி அவளைப் பார்க்கும். 

தாளை ஒப்படைப்பதற்கான கடைசி ஞாயிறன்று, பலகையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஏசுதாஸ் வந்து இறங்கினான்.

"நானே ஓட்டிக் காட்டுதேன். மஞ்சள மிதிக்கா இல்லையான்னு நீயே பாத்துக்கோ."

வேகவைத்த ஈரல் துண்டொன்றைக் கைக்குள் மூடிக்கொண்டு ஓடினான். சீனி உற்சாகமாக ஏறி, மஞ்சளுக்கு மேலிருந்தே தாவியது. பிறகு அவன் முன் வந்து அமர்ந்து, மூடிய கையைப் பார்த்து வாலை ஆட்டியது. ஏசுதாஸ் கையைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஜோஸ்பின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடி ஓடினான். மறுபடியும் அதே தாவல். கை மூடியே இருந்தது. அடுத்த முறை, இறங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, அவள் செய்வதைப் போலவே தோளைத் தாழ்த்தினான். சீனி தயங்கியது, பிறகு இரு முன்னங்கால்களையும் மஞ்சளில் வைத்து இறங்கியது. அப்போதுதான் கை திறந்தது.

நாய் தின்று முடித்து, உள்ளங்கையை நக்கி ஓயும்வரை அவன் குனிந்தே இருந்தான். தலைக்கு மேலே மோனோரயில் ஒன்று காலியாகப் போயிற்று.

"கொண்டா அதை," என்றான்.

ஜோஸ்பின் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். தாளைச் சாய்பலகை மேல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தான். அவளுடைய கையெழுத்துக்குக் கீழே, அழுத்தி, தன் முழுப்பெயரையும் எழுதினான். மை காயும்வரை ஊதிவிட்டு, தாளை அவளிடம் நீட்டினான்.