நடுவில் மாமியார்

டெட்ராசைக்ளின் மருந்துக்கு மசியாத கிருமிகள் உண்டு. அந்தத் திமிரைத் தரும் மரபணுக்களுக்குப் பெயர் வைப்பதுதான் அந்த விஞ்ஞானியின் உத்தியோகம். பெயராக வைக்க ஆங்கில எழுத்துகள் எப்போதோ தீர்ந்து, எண்களில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் புதுப்பெயர் என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பழைய மரபணுக்களின் துண்டுகள் ஒட்டிய கலப்பு மரபணு வந்தால் மட்டும் மனிதர் குளிர்ந்துபோவார். பழைய பெயர்களையே துண்டுகளின் வரிசையில், நடுவே சாய்கோடு போட்டு எழுதிவிடலாம்.

அவருக்கு மகள் பிறந்தாள்.

"நல்லதா ஒரு புதுப் பேர் சொல்லுங்க" என்றாள் மனைவி.

தொட்டிலுக்குள் தலையை விட்டு, குழந்தையை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆராய்ந்தார்.

"புதுசுக்கு வழியே இல்ல. நெத்தி என்னுது. வாய் உங்கம்மாவோடது. கால் மறுபடியும் என்னுது. அதனால என் பேர், சாய்கோடு, உங்கம்மா பேர், சாய்கோடு, என் பேர்."

"இதை எப்படிங்க கூப்பிடறது?"

"கோடு வர்ற இடத்துல கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ."

சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு வந்தார்.

"நல்லாருக்கு மாப்ள! கிருமிக்கு வைக்கிற மாதிரியா என் பேத்திக்குப் பேர் வைப்பீங்க? என் வாய் எப்படி அவளுக்கு வரும்?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

தூக்கம் கலைந்த குழந்தை வாயைத் திறந்து அலற ஆரம்பித்தது. பால், தாலாட்டு, கிலுகிலுப்பை எதற்கும் மசியவில்லை. தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

மாமியார் கரண்டியை இறக்கினார்.

"சரி மாப்ள, நடுவுல என் பேரே இருக்கட்டும்."