பதினோரு அடிக் கல்

சமையல் மேடைக்குப் போட்ட கருப்பு கிரானைட் கல்லுக்கு, பதித்த ஐந்தாம் நாள் உடம்புச் சூடு வந்தது. கல் முழுவதற்கும் அல்ல. பதினோரு அடி நீளத்தில் அடுப்புப் பக்கத்து எட்டு அடி எந்தக் கல்லையும் போலச் சில்லென்று கிடந்தது. ஜன்னல் பக்கத்து மூன்று அடி மட்டும் தூங்கி எழுந்தவர் கன்னம் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த மகள் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. கல் பதித்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சூடு கிளம்பும், ஒரு வாரத்தில் போய்விடும் என்றார் அவர். சொல்லிவிட்டும் கையை எடுக்காமல் சற்று நேரம் நின்றார். குளிர்காலமாக இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு நல்ல சமையல் மேடை மட்டும்தான். இருந்ததோ வெடிப்பு விட்ட சிமெண்ட் மேடை, எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குப் போகாது. இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் தொட்டியும் குழாயும் அலமாரிக் கதவுகளும் முக்கால்வாசியைத் தின்றுவிட்டன. மிச்சத்தை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கல் கடைகளில் அலைந்தார்கள். சாய்த்து நிறுத்திய பலகைகளுக்கு நடுவே மனைவி தண்ணீர் பாட்டிலும் கையுமாக நடந்து, பிடித்த கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றி நனைத்து நிறம் பார்ப்பாள். கணவர் கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுவார். பிடித்த கல் எல்லாம் கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டிய கல் எல்லாம் ஆஸ்பத்திரித் தரையை ஞாபகப்படுத்தியது.

நான்காவது கடையின் பின்புறத்தில் அந்தக் கல் தனியாக நின்றது. கருப்பில் நீலப் பொடி தூவிய மாதிரி, ஒரு குறையும் இல்லாமல், பாதி விலையில்.

"ஒருத்தர் ஆர்டர் குடுத்துட்டு ஊரை விட்டே போயிட்டாருங்க. பதினோரு அடி. எடுத்தா முழுசா எடுத்துக்கங்க, மிச்சத் துண்டை நான் என்ன பண்றது?" என்றார் கடைக்காரர்.

அவர்கள் சமையலறை எட்டு அடிதான். வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும் கொத்தனார் நாடாவை நீட்டிப் பார்த்தார். வெட்டினால் ஒரு மணி நேர வேலை என்றார். பிறகு கல்லைத் தடவிக்கொண்டே, "இவ்வளவு அருமையான கல்லை எதுக்குங்க வெட்டணும்? அந்தச் சுவரை எடுத்துட்டா ஆச்சு" என்றார். மனைவி கணவரைப் பார்க்கவில்லை. கணவர், "பாக்கலாம்" என்றார். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் சரி என்று அர்த்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய அக்காவின் அறை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருடம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு, தம்பியைப் படிக்கவைத்து, இந்த வீட்டில் பாதியை எழுப்பியது அந்த அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீராவியில் நின்று நின்று நெஞ்சு கெட்டுப்போய், ஓய்வுக்குப் பிறகு அந்தச் சின்ன அறையில் வானொலி கேட்டுக்கொண்டு இருந்தார். அறையில் மூன்று அடி போனால் கட்டில் போடமுடியாது. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தூசியைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.

"ரெண்டே மாசம்க்கா. இந்தத் தூசி உனக்கு ஒத்துக்காது. வேலை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்."

"சரிடா தம்பி. மேடையை நல்லா அகலமா போட்டுக் குடு. பாவம், அவளும் எத்தனை வருஷமா கேக்கறா."

ஏழு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மாடி அறையில் அவரைக் குடிவைத்தார்கள். வேலை முப்பத்துநாலு நாளில் முடிந்தது.

இரண்டாம் மாதம் கல் நூற்றிரண்டு டிகிரி காட்டியது. மூன்று நாள் அப்படியே இருந்து, வியர்த்து, நான்காம் நாள் பழையபடி இறங்கியது. அந்த வார முடிவில் அக்கா போனில் பேசும்போது, சளிக்காய்ச்சலில் மூன்று நாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்றார். மகள் நோட்டில் குறித்துவைத்திருந்த தேதிகளை அப்பாவிடம் காட்டினாள். அவர் அதைப் படித்தார், நோட்டை மூடினார், இதையெல்லாம் யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். மறுநாள் கல்லின் மேல் கனமான ரெக்ஸின் விரிப்பு வந்தது. அதையும் மீறிச் சூடு தெரிந்ததால் மேலே ஒரு மரப்பலகை வந்தது.

அக்காவைத் திரும்பக் கூட்டிவராததற்கு, முதலில் பெயிண்ட் வாசம் போகவில்லை என்றார்கள். பிறகு மகளுக்குப் பரீட்சை வந்தது, மழை வந்தது, பள்ளியில் தணிக்கை வந்தது. இப்படியே நான்கு வருடம் ஓடிப்போனது. அக்கா அறையில் மிஞ்சிய இடத்தில் சாப்பாட்டு மேசையும் ஃபிரிட்ஜும் தங்களுக்கென்றே கட்டிய இடம்போல நிலைத்துவிட்டன. மனைவி அந்த மூன்று அடியில் ஒரு நாளும் காய் நறுக்கவில்லை. ஒரு தட்டைக்கூட அங்கே வைக்கமாட்டாள். ஒரு காலையில், யாரும் கேட்காமலே, "அண்ணியேதானே சரின்னு சொன்னாங்க, நாம ஒண்ணும் விரட்டலையே" என்றாள்.  கணவர் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பலகையை நகர்த்தி, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, உள்ளங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அக்காவுக்குச் சளி பிடிப்பது அக்காவுக்கே தெரிவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் அன்றைக்கு மட்டும் போன் செய்யமாட்டார். எப்போது வீட்டுக்கு வரலாம் என்று அக்கா கேட்டுவிடுவாரோ என்ற பயம். நான்கு வருடத்தில் அக்கா ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. தம்பியை உறுத்திக்கொண்டே இருந்தது அதுதான்.

ஐந்தாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கல் சில்லென்று இருந்தது. அவர் பலகையைக் கீழே தள்ளி, விரிப்பை உருவிப்போட்டு, இரண்டு கையையும் வைத்தார்; பிறகு கன்னத்தை வைத்தார். மனைவி ஓடிவந்து, தானும் தொட்டுப் பார்த்து, "முதல்ல கிளம்புங்க" என்று அவரை வாசலுக்குத் தள்ளினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஏழு நிறுத்தமும் ஓட்டமும் நடையுமாகப் போய், மாடிப்படியில் இரண்டு இடத்தில் தடுக்கி, கதவைத் தட்டினார்.

அக்காதான் திறந்தார். தோளில் மடித்த துணிகள் கிடந்தன.

"என்னடா தம்பி, இப்படி மூச்சு வாங்குது?"

"நீ நல்லா இருக்கியாக்கா?"

"எனக்கென்ன? இன்னிக்குத்தான் பெட்டியைப் பிரிச்சேன்."

கட்டிலின் மேல் காலிப் பெட்டி திறந்து கிடந்தது. நான்கு வருடமாக அவர் அதிலிருந்தே துணி எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடி அதிலேயே அடுக்கிவைத்திருக்கிறார். சுவரில் பதித்த சிமெண்ட் தட்டுகளில் இதுவரை எதையும் வைத்ததில்லை. "ரெண்டு மாசம்னு சொன்னியா, எடுத்து அடுக்கிட்டு உடனே கட்டணுமேன்னு அப்படியே விட்டுட்டேன்" என்றார்.

தம்பி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "தூசி அப்பவே அடங்கிடுச்சுக்கா. முப்பத்துநாலு நாள்ல வேலை முடிஞ்சுது. கல்லை வெட்டியிருக்கலாம், ஒரு மணி நேர வேலை. நான்தான் வெட்டச் சொல்லல."

"தெரியும்டா. மூணாம் மாசம் அந்தப் பக்கம் வந்தேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. என் கட்டில் கிடந்த இடத்துல ஃபிரிட்ஜ் நின்னுச்சு." கொஞ்சம் யோசித்து, "பெரிய ஃபிரிட்ஜ்" என்றார்.

தம்பி கல்லின் சூட்டைப் பற்றி, மரப்பலகையைப் பற்றி, போன் செய்யாத நாட்களைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "சமையலுக்கு இடைஞ்சலா இருந்துச்சா?" என்று விசாரித்தார். தம்பி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுவரை மறுபடி எழுப்பிவிடுகிறேன், வீட்டுக்கு வா என்றார்.

"இப்பத்தான் எடுத்து அடுக்கறேன். திரும்பப் பெட்டி கட்டச் சொல்லாதடா" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தம்பி அன்றே நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார்.

வீட்டுக் கல் அதற்குப் பிறகு சூடேறவில்லை. அந்த வாரத்திலேயே மாடி அறையில் துணி அடுக்கிய சிமெண்ட் தட்டு வெதுவெதுப்பானது. மகள் தெர்மாமீட்டரோடு போய்ப் பார்த்தாள்: தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. வீட்டுச் சொந்தக்காரியான கீழ்வீட்டு அம்மாள் அரைத்த மாவு புளித்துப் பொங்குவதற்காகக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போவாள். அதற்காக வாடகையைக் குறைக்கவில்லை, ஏற்றவும் இல்லை. தம்பி ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கதவோரத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்து, அக்கா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். கொண்டுவரும் பழங்களை அக்கா அந்தத் தட்டில்தான் வைப்பார். முதல் இரண்டு வாரமும் பழங்கள் மறுநாளே கனிந்து வீணாய்ப்போயின. அதனால் இப்போதெல்லாம் தம்பி பழக்கடைக்காரரிடம் கேட்டு, நல்ல காயாகப் பார்த்து வாங்கிப் போகிறார்.