கடை வெளிச்சத்தில் ஒரு ஓடை

அந்த ஓடையின் விலை ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று. அந்த விலையை வைத்தவர் டிவிக்கடைக்காரர். பெரிய திரையில் கறுப்பு வெள்ளையாகப் பாறைகளும் தண்ணீரும் தெரிவதைப் பார்த்த ஒருவர், "டிவியோட இந்தப் படமும் வருமா?" என்று கேட்டபோது, "படம் வேணும்னா இன்னொரு டிவி எடுக்கணும் சார். அது எங்க வீட்டம்மா எடுத்தது" என்றார், சிரிக்காமல். கல்லாவுக்குப் பின்னால் இருந்த மனைவிக்குக் காது வரை சூடேறியது. கல்யாணமான நாளாக அந்த மனிதர் பேரம் பேச மறுத்து அவள் பார்த்த சரக்கு இது ஒன்றுதான்.

புகைப்படச் சங்கத்தில் அவளுக்கு 'டிவிக்காரம்மா' என்று பெயர். ஹெட்போனில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பார்களே தவிர, என்ன படம் எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த வருஷக் கண்காட்சியில் வாசலுக்கு எதிர்ச்சுவரை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவள் ஓடையைத் திருத்தத் தொடங்கியது அதற்காகத்தான். மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பெரிய திரையில் இணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் படுத்திருந்த எருமை மாதிரிப் பெரும்பாறை. அதைச் சுற்றி, சீவிவிட்ட பஞ்சுபோலத் தண்ணீர். பாறைகள் சோகை பிடித்து வெளுத்திருப்பதாகப் பட்டது. ஒவ்வொன்றாகக் கறுப்பேற்றினாள். ஈரமான இடத்துக்கு ஒரு கறுப்பு, காய்ந்த இடத்துக்கு ஒரு கறுப்பு, பாசிக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. புருஷன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கல்லு கல்லாத்தான இருக்கு, இன்னும் என்ன பண்ற?" என்பார். "உங்க கண்ணுக்கு எல்லாமே கல்லு" என்பாள்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை மாலைக்குள் படம் சுவரில் ஏறிவிட வேண்டும். அன்று மத்தியானம் பிரிண்ட் கடையில் அச்சான படச் சுருளை விரித்தபோது எருமையைக் காணோம். தார் ஊற்றிய மாதிரி ஒரு கறுப்பு, அதன் குறுக்கே சாம்பல் கோடாகத் தண்ணீர்.

"மெஷின்ல மை கொட்டிடுச்சா?" என்றாள்.

"அக்கா, ஃபைலே இருட்டா இருக்கு. மெஷின் மேல பழி போடாதீங்க" என்றார் பிரிண்ட்காரர்.

"நான் தினம் பார்க்குற படம். எனக்குத் தெரியாதா?"

"எதுல பார்க்குறீங்க?"

திரையோடு ஒத்துப் பார்க்க, சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிவிக்கடைக்கு நடந்தாள். பிரிண்ட்காரரோடு சண்டை போட வேண்டிய வாக்கியங்களை வழிநெடுக அடுக்கிக்கொண்டே வந்தாள்.

கடையில் புருஷன் ஒரு தம்பதிக்கு அதே பெரிய டிவியை விற்றுக்கொண்டிருந்தார். அவளுடைய ஓடைதான் திரையில் பளபளத்தது. ஒவ்வொரு பாறையும் தனித்தனியாக, அவள் விட்டுப்போனது போலவே. விலை படிந்து, அவர் தன் வழக்கமான கடைசி வாக்கியத்துக்கு வந்திருந்தார்.

"வீட்டுக்குப் போனதும் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோங்க. இது கடைக்காக ஏத்தி வச்சது."

அதே வாக்கியத்தை அவளும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எல்லா டிவியையும் உச்ச வெளிச்சத்துக்கு ஏற்றுவதே அவள் வேலைதான். வாங்க வருகிறவர்களின் கண்ணுக்கென்று வைத்த வெளிச்சம் தன் கண்ணையும் ஏய்க்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கு விற்ற மினுக்கை அவளே முதல் ஆளாக வாங்கியிருந்தாள். பாறை வெளுத்திருக்கவில்லை, டிவிதான் வெளுத்திருந்தது.

அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி வீட்டு வெளிச்சத்துக்கு இறக்கினாள். எருமை இருட்டுக்குள் முங்கியது. சுருளை விரித்துத் திரையோரம் பிடித்தாள். இரண்டும் ஒன்று.

"ஏன் மங்கிப் போச்சு?" என்றார் வாங்க வந்தவர்.

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக் காட்டிவிட்டு ஒரு பொய் சொன்னால் போதும். அது அவர் நாக்கு நுனியில் நிற்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"வீட்ல இப்படித்தாங்க தெரியும்" என்றார் அவர்.

யோசித்துவிட்டு வருகிறோம் என்று தம்பதி எழுந்து போனார்கள்.

"உன் ஓடை வியாபாரத்தையே அடிச்சிட்டுப் போகுது" என்றார். திட்டுவது போலில்லை. அலமாரியில் ஓடிக்கொண்டிருந்த மற்ற டிவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, திரையில் வெயில் படாமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். சனிக்கிழமை மத்தியானம் பாதி ஷட்டரைக் கண்டு, எதிர்க்கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று குனிந்து விசாரித்தார். "யாருக்கும் இல்லப்பா. எங்க வீட்டம்மாவுக்கு வேலை இருக்கு" என்றார்.

அவள் ஏற்றிய கறுப்பையெல்லாம் பாறை பாறையாக எடுத்தாள். முழுக்க எடுத்துவிடவில்லை. எருமையின் வயிற்றுப் பக்கம் பாதி இருட்டை வைத்துக்கொண்டாள். அது இருந்தால்தான் முதுகின் ஈரம் மின்னியது. பெரும்பாறையின் நிழலை மெல்லத் தூக்கியபோது தண்ணீருக்கு அடியில் கூழாங்கற்கள் வந்தன. எடுத்த அன்று கண்ணால் பார்த்த கற்கள். கடை வெளிச்சத்தில் இத்தனை நாளாக அவை வெறும் வெள்ளைப் பூச்சாகக் கரைந்து கிடந்திருக்கின்றன. அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அவற்றைத் தொடாமல் அப்படியே விட்டாள்.

இரண்டாவது சுருளைப் பிரிண்ட்காரர் தானே விரித்தார். "அக்கா, இது நம்ம மெஷின்லயா வந்துச்சு?" என்றார்.

கண்காட்சி மண்டபம் மூடுகிற நேரத்துக்கு எதிர்ச்சுவரில் படம் ஏறியது. சங்கத் தலைவர் அந்தப் பக்கம் போனவர் திரும்பி வந்தார். ஹெட்போன் விலை கேட்கவில்லை. "எந்த நேரத்துல எடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் நிதானமாக, ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல் சொன்னாள். புருஷன் நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சரக்குக்குச் சொந்தக்காரர் தோரணையில் நின்றார்.

எல்லாரும் நகர்ந்த பிறகு, "பெரிய டிவி ஒண்ணு போச்சு. சனிக்கிழமை மத்தியானம் போச்சு. பிரிண்ட் காசு ரெண்டு தரம்" என்று விரல் மடக்கினார்.

"வரவு?" என்றாள்.

அவர் படத்தை நெருங்கி, மூக்கு இடிக்கிற தூரத்தில் குனிந்து, தண்ணீருக்கு அடியில் கிடந்த கற்களை விரலால் தொடாமல் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். பாறையின் நிழலுக்குள் போனதும் கணக்கு தப்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி கரையிலிருந்து தொடங்கினார்.